ஜிம் மாரிசன்: நோட்டுப் புத்தகமும் மைக்கும்

கேள்வி இதுதான்: டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடகர் ஜிம் மாரிசனை ஒரு கூட்டம் பெரிய கவிஞர் என்கிறது, இன்னொரு கூட்டம் குடித்துவிட்டு உளறியவர் என்கிறது. இதில் எது சரி? பாட்டுகளைத் தாண்டி அவர் எழுதியதில் படிக்கத் தக்கது ஏதாவது உண்டா? உண்டென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவிஞர்தான். ஆனால் அவருடைய நல்ல கவிதைகளில் பாதிக்கு மேல் கவிதைப் புத்தகங்களில் இல்லை, இரண்டு மூன்று நிமிடப் பாட்டுகளில் இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து எழுதும்போது அவருக்கு நிறுத்தத் தெரியாது. மூன்று வாத்தியக்காரர்களும் ஒரு மெட்டும் குறுக்கே நின்றால் வரி இறுகிவிடும். பாட்டெழுதுபவன் என்பதைவிடக் கவிஞன் என்பது உயர்ந்த பட்டம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அவருக்கு நல்லது செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பின்னணி கொஞ்சம். பிறந்தது 1943 டிசம்பர் 8, ஃப்ளோரிடா மாநிலத்து மெல்போர்ன் என்ற ஊரில். அப்பா அமெரிக்கக் கடற்படை அதிகாரி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல், ஒவ்வொரு ஊரிலும் வகுப்புக்குப் புதுப் பையன். பையன் புத்தகப் புழு. ஆங்கிலக் கவிஞர் பிளேக், ஜெர்மன் தத்துவவாதி நீட்சே, பிரெஞ்சுக் கவிஞர் ரைம்போ, அமெரிக்க நாவலாசிரியர் கெரோவாக் என்று கிடைத்ததையெல்லாம் வாசித்து நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டே இருந்தான். அந்த நோட்டுகளைக் கல்லூரி முடித்தபோது தூக்கி எறிந்துவிட்டார். பின்னால் ஒரு பேட்டியில், இப்போது என்னிடம் இருக்கவேண்டும் என்று நான் ஏங்கும் பொருள் அவைதான் என்றார். அடுத்த மூச்சிலேயே, எறியாமல் இருந்திருந்தால் சொந்தமாக எதுவும் எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ என்றும் சொன்னார்.

படித்தது லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சினிமாத் துறையில். 1965 கோடையில் வெனிஸ் கடற்கரைப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் படுத்துக் கிடந்த நாட்களில்தான் பாட்டுகள் வந்தன. அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது. மண்டைக்குள் ஒரு ராக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது, நான் குறிப்பு மட்டும் எடுத்தேன் என்பது அவர் வாக்குமூலம். இதோடு அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெட்டு மறந்துபோகக் கூடாதே என்று அதில் சொற்களை மாட்டி வைப்பாராம். பல தடவை கடைசியில் சொல் மட்டும் மிஞ்சும், மெட்டு போயிருக்கும். ஆக, பிற்பாடு அச்சில் வந்து ‘கவிதை’ என்று நிற்கிற சிலவற்றை, மெட்டைத் தொலைத்த பாட்டுகள் என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லை. இந்த எண்ணத்தோடு அவருடைய தாளில் உள்ள வரிகளைப் படித்துப் பாருங்கள், பல இடங்களில் ஏன் தடுமாறுகிறது என்று புரியும்.

அந்தக் கோடையில் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்த பழைய கல்லூரித் தோழர் ரே மான்சரெக், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்க, பாட்டெழுதுகிறேன் என்று மாரிசன் கூச்சத்தோடு ஒன்றைப் பாடிக் காட்டினார். நிலாவுக்கு நீந்திப் போவோம், அலையைப் பிடித்து ஏறுவோம் என்று தொடங்கும் ‘மூன்லைட் டிரைவ்’. மான்சரெக் அங்கேயே, நாம் குழு தொடங்கலாம் என்றார். பியானோ கற்ற மனிதர் ஒருவர் வெறும் வரியைக் கேட்டு விழுந்தார் என்பதைக் கவனியுங்கள். அப்புறம் வந்து சேர்ந்த கிதார்காரர் ராபி கிரீகரும் டிரம்ஸ்காரர் ஜான் டென்ஸ்மோரும் மகரிஷி மகேஷ் யோகியின் தியான வகுப்பில் மான்சரெக்குக்குக் கிடைத்தவர்கள். குழுவின் பெயர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954-இல் எழுதிய ‘த டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்’ (புலன்களின் வாசல்கள்) என்ற புத்தகத்தின் தலைப்பிலிருந்து. ஹக்ஸ்லி அதை வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுத்தார். புலன்களின் வாசல்களைத் துடைத்துவிட்டால் எல்லாம் எல்லையற்றதாகத் தெரியும் என்பது பிளேக்கின் வாக்கு.

பிளேக்கிடமிருந்து எடுத்தது பெயர் மட்டும் இல்லை. குழுவின் முதல் இசைத்தொகுப்பில் உள்ள ‘எண்ட் ஆஃப் த நைட்’ பாட்டில், சிலர் இனிமைக்குப் பிறக்கிறார்கள், சிலர் முடிவற்ற இரவுக்கு என்ற வரிகள் பிளேக்கின் வரிகளே. தலைப்பு பிரெஞ்சு எழுத்தாளர் செலீனின் நாவலிலிருந்து. ‘நாட் டு டச் தி எர்த்’ தொடங்கும் இரண்டு வரிகள், மானுடவியலாளர் ஃப்ரேசரின் ‘த கோல்டன் பௌ’ பொருளடக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு உட்தலைப்புகள். பொருளடக்கத்தைப் பாட்டாகப் பாடிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதைத் திருட்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நமக்குத்தான் எடுத்தாள்வது புதிதில்லையே. எடுத்ததை எங்கே வைத்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பாட்டுக்கு வருவோம். எல்லாருக்கும் தெரிந்த ‘லைட் மை ஃபயர்’ மாரிசன் எழுதியதில்லை, கிரீகர் எழுதியது. 1967 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன பாட்டு. இதில் மாரிசன் பங்கு இரண்டாம் சரணம் மட்டும். ஆனால் அந்த நான்கு வரிகளை வைத்தே அவர் யாரென்று சொல்லிவிடலாம். கிரீகரின் முதல் சரணத்திலும் பல்லவியிலும் இயைபாக வரும் சொற்கள் லையர், ஹையர், ஃபயர்: பொய்யன், இன்னும் உயரே, நெருப்பு. காதல் மயக்கம், மேலே மேலே. மாரிசன் அதே இயைபுக்கு இரண்டு சொற்கள் கொண்டுவந்தார்: மையர், பையர். சேறு, சிதை. தயங்க நேரமில்லை, சேற்றில் புரள நேரமில்லை, தோற்றால் நம் காதல் ஒரு சிதையாகும். ஒரே ஓசைதான். ஆனால் கிரீகர் ஏற்றி வைத்த நெருப்பு அந்த ஒரு சொல்லால் சுடுகாட்டு நெருப்பாகிவிட்டது. அடுத்து பல்லவி திரும்ப வரும்போது ‘என் நெருப்பை ஏற்று’ என்ற அதே வரி முன்போல ஒலிக்காது. கல்லூரி நாட்களில் கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டி இந்தச் சரணத்தை எழுதி எடுத்தபோது ‘பையர்’ எனக்குப் புரியவில்லை. லிஃப்கோ அகராதியில் தேடி ‘சிதை’ என்று பார்த்ததும் கொஞ்ச நேரம் கேசட்டை நிறுத்திவைத்தேன். காதல் பாட்டில் இந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று அன்று தோன்றியது. இந்தச் சொல் இல்லாவிட்டால் அது இன்னொரு காதல் பாட்டு, அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இதே பாட்டை 1967 செப்டம்பரில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வந்தபோது, ‘ஹையர்’ போதையைச் சொல்கிறது, மாற்றிப் பாடுங்கள் என்றார்கள். அவர் மாற்றவில்லை. அதற்குப் பிறகு அந்த நிகழ்ச்சிக்கு அழைப்பும் வரவில்லை. இந்தக் கதையை எல்லாரும் மாரிசனின் வீரத்துக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். மாற்றச் சொன்ன சொல் கிரீகர் எழுதியது என்பதை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ‘பீப்பிள் ஆர் ஸ்ட்ரேஞ்ச்’, 1967-இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்ச் டேஸ்’ என்ற இரண்டாவது தொகுப்பில் இருப்பது. இரண்டு நிமிடம் சொச்சம். மாரிசன் மனம் இடிந்துபோயிருந்த ஒரு நாளில் கிரீகரின் வீடிருந்த லாரல் கேன்யன் மலைமேல் நடந்துபோய்விட்டு, கீழே வரும்போது கையில் வரிகளோடு வந்தார் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாலு வரியின் சாரம் இது: நீ அந்நியன் என்றால் மனிதர்கள் விசித்திரமானவர்கள். நீ தனியாள் என்றால் முகங்கள் அசிங்கமாகத் தெரியும். உன்னை யாரும் விரும்பாவிட்டால் பெண்கள் பொல்லாதவர்களாகத் தோன்றுவார்கள். நீ சோர்ந்திருந்தால் தெரு மேடு பள்ளமாக இருக்கும்.

வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். முகங்கள் ‘தெரிகின்றன’. பெண்கள் ‘தோன்றுகிறார்கள்’. இவை பார்வைக் கோளாறு, அவனுக்கே அது தெரிகிறது. ஆனால் தெரு மேடு பள்ளமாகத் ‘தோன்றுவதில்லை’; ‘இருக்கிறது’. நாலாவது வரிக்குள் மனநிலை நிஜமாகிவிட்டது. சோர்ந்து நடப்பவன் கால் இடறுவது கற்பனையில் இல்லையே, நிஜமாகத்தானே இடறுகிறது! பெரிய உவமை எதுவும் கிடையாது, நாலும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். மன அழுத்தத்தைப் பற்றி இவ்வளவு சிக்கனமாக எழுதப்பட்ட வரி எனக்குத் தெரிந்து குறைவு. மெட்டோ பழைய ஐரோப்பிய மதுக்கடைப் பாட்டு மாதிரி துள்ளிக்கொண்டு போகிறது. அந்தத் துள்ளல்தான் வரியைச் சுயபச்சாதாபத்தில் விழாமல் தூக்கிப் பிடிக்கிறது.

இந்த முதல் வரியைத் தமிழில் கொண்டுவர நான் பல வருடம் முட்டி மோதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘விசித்திரம்’, ‘அந்நியன்’ இரண்டும் ஒரே வேர்ச்சொல், அந்த விளையாட்டுத்தான் வரியின் உயிர். ‘வேற்றாளாய் நிற்பவனுக்கு எல்லாரும் வேறு’ என்பதுவரை வந்திருக்கிறேன். வேர் ஒட்டுகிறது, விசித்திரம் கழன்றுவிடுகிறது.

அதே தொகுப்பில் ‘ஹார்ஸ் லாட்டிட்யூட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஒன்றரை நிமிடம். மெட்டே கிடையாது, காற்று, இரைச்சல், அலறல்களுக்கு நடுவே மாரிசன் ஒரு கவிதையைக் கத்துகிறார். பள்ளி நாட்களில் எழுதியது. நோட்டுகள் போனபின்னும் நினைவில் தங்கிய ஒன்று. நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 30 பாகையில் காற்று அடங்கிக் கிடக்கும் கடல்பகுதிக்குத்தான் அந்தப் பெயர். பாய்க்கப்பல்கள் அங்கே நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். பாரத்தைக் குறைக்க ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுபோன குதிரைகளைக் கடலில் தள்ளினார்கள் என்பது கதை.

கவிதை அந்தத் தள்ளும் கணத்தில் நிற்கிறது. முதல் குதிரை நீரில் விழுகிறது. கால்கள் உதைத்துக்கொண்டே ‘விறைத்த பச்சைப் பாய்ச்சல்’ பாய்கின்றன. ஓடுவதற்கு நிலமில்லை, ஆனால் குதிரைக்குத் தெரிந்தது ஓட்டம் ஒன்றுதான், அதனால் நீருக்குள் நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது. ‘பச்சை’ என்பது கடலின் நிறம், ஓட்டத்தின்மேல் ஏறியிருக்கிறது. அப்புறம் ஒற்றை ஒற்றைச் சொற்களாக மூச்சு குறைகிறது. ஒரு தயக்கம், ஓர் இசைவு, ஊமையான நாசியின் வேதனை. பின்பு கடல் மேலே மூடி முத்திரை வைத்துவிடுகிறது. ‘இசைவு’ என்ற சொல்லை அங்கே வைத்த பையனுக்கு வயது பதினேழு இருந்திருக்குமா? மூழ்குகிற விலங்கு ஒரு கட்டத்தில் சம்மதித்துவிடுகிறது என்று அவனுக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. அவர் புத்தகங்களில் உள்ள எந்தக் கவிதையையும் இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் எழுதியதே உச்சம் என்றால் வருத்தமான விஷயம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

‘தி எண்ட்’ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பதினொன்றே முக்கால் நிமிடம். ஆரம்பத்தில் அது ஒரு பெண்ணுக்கு விடைசொல்லும் சாதாரணப் பாட்டு என்று மாரிசனே சொல்லியிருக்கிறார். இரவுக்கு இரவு மேடையில் வளர்ந்தது. சிதார் பயின்ற கிரீகர், கிதார் நரம்புகளைச் சுதி மாற்றிக் கட்டி, அடியில் ஒரு சுதி நிற்கும்படி வாசிப்பார். நம் காதுக்கு அது தம்புரா வைத்த ஆலாபனை போலக் கேட்பது தற்செயல் இல்லை. அந்த நிலைச்சுதி இருந்ததால்தான் மாரிசனால் மேலே எதை வேண்டுமானாலும் பேசிக்கொண்டு போக முடிந்தது. 1966 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் ‘விஸ்கி எ கோ கோ’ விடுதியில் ஓர் இரவு, தந்தையைக் கொன்று தாயைச் சேரும் ஈடிபஸ் கதையை நடுவில் நுழைத்தார். அன்றோடு அவர்களுக்கு அங்கே வேலை போயிற்று. அந்த மாதமே பாட்டு பதிவானது.

அதில் ஈடிபஸ் வசனத்தைவிட அதற்கு முந்தைய வரிதான் எனக்குப் பிடித்தது. கொலைகாரன் விடியுமுன் எழுகிறான், பூட்ஸ் மாட்டுகிறான், ‘பழங்காலக் கூடத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்துக்கொள்கிறான்’. பூட்ஸ் இந்தக் காலத்தது, முகம் கிரேக்க நாடகத்தின் முகமூடி. இரண்டையும் ஒரே வரிசையில், காலையில் ஆபீசுக்குக் கிளம்புகிறவன் சட்டையும் செருப்பும் மாட்டுவதுபோல மாட்ட வைக்கிறார். பின்னால் வரும் கத்தலுக்கு எனக்குப் பெரிதாக மரியாதை இல்லை.

இதோடு ஒரு செய்தி. 1979-இல் ஃப்ரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா தன் வியட்நாம் போர்ப் படமான ‘அபாகலிப்ஸ் நௌ’வைத் தொடங்கியது இந்தப் பாட்டோடு, காடு தீப்பற்றி எரியும் காட்சியில். அந்தப் போரை அமெரிக்கா பெரிதாக்கக் காரணமான 1964 டோங்கின் வளைகுடாச் சம்பவத்தின்போது அந்தப் பகுதியில் அமெரிக்கக் கடற்படையணிக்குத் தலைமை தாங்கிய அதிகாரிகளில் ஒருவர் ஜார்ஜ் மாரிசன், ஜிம்மின் அப்பா. 1967-இல் விளம்பரக் குறிப்பு கேட்டபோது பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்று மகன் எழுதிக் கொடுத்திருந்தார். இருவருமே உயிரோடுதான் இருந்தார்கள்.

இனி புத்தகங்கள். 1969-இல் மாரிசன் சொந்தக் காசில் இரண்டு சிறு நூல்கள் அச்சிட்டார்: ‘த லார்ட்ஸ்’, ‘த நியூ க்ரியேச்சர்ஸ்’. தலைக்கு நூறு படிகள். அடுத்த வருடம் சைமன் அண்ட் ஷஸ்டர் இரண்டையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டது. ஜேம்ஸ் டக்ளஸ் மாரிசன் என்ற முழுப் பெயரில் கவிஞனாக வெளிப்பட ஆசைப்பட்டவருக்குக் கிடைத்தது ஜிம் மாரிசன் என்ற பாடகர் பெயர் போட்ட அட்டை. விற்க வேண்டுமே, பதிப்பாளர் என்ன செய்வார்!

இந்த இரண்டில் இரண்டாவதைத் தாராளமாகத் தள்ளிவிடலாம். அது படிமக் குவியல்: பாம்புத்தோல், பூச்சி, ரத்தம், பாலைவனம். ஒரு வரியில் கிடைத்த காட்சி அடுத்த வரிக்குள் காணாமல் போகும். யாராவது ஒரு கிதார்காரர் பக்கத்தில் இருந்து ‘இது போதும் ஜிம், இதைப் பல்லவியாக வைப்போம்’ என்று சொல்லியிருந்தால் அதில் ஏழெட்டு நல்ல பாட்டு தேறியிருக்கும்.

‘த லார்ட்ஸ்’ வேறு சரக்கு. சினிமா மாணவனாக எழுதிய குறிப்புகள், உரைநடைத் துணுக்குகள். கவிதை என்று முறுக்கிக்கொள்ளாததாலேயே நன்றாக இருக்கின்றன. பார்ப்பது என்றால் என்ன என்பதுதான் முழுக்கப் பேச்சு. சினிமாப் பார்வையாளர்கள் சத்தமில்லாத ரத்தக்காட்டேரிகள் என்கிறார் ஓரிடத்தில். சன்னல் இரண்டு பக்கமும் வேலை செய்யும், கண்ணாடி ஒரு பக்கம்தான் என்கிறார் இன்னோரிடத்தில். மனிதர்கள் நடிப்பவர், பார்ப்பவர் என்று இரண்டாகப் பிளந்துபோனதுதான் நம் காலத்தின் மையமான உண்மை என்பது அதில் முக்கியமான குறிப்பு. முன்பு கூத்தில் ஊரே ஆடியது, இப்போது ஒருத்தன் ஆட மற்றவர்கள் இருட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு 1969 மார்ச் 1 மயாமி கச்சேரியைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். சில நாட்களுக்கு முன்தான் பார்வையாளரை இழுத்துச் சண்டைக்கு நிற்கும் ‘லிவிங் தியேட்டர்’ நாடகங்களை லாஸ் ஏஞ்சல்ஸில் பார்த்திருந்தார். மயாமி மேடைக்குக் குடித்துவிட்டு வந்தவர் பாடுவதை விட்டுவிட்டுக் கூட்டத்தைத் திட்டித் தீர்த்தார். ஆபாசமாக நடந்துகொண்டார் என்று வழக்கு, ஆறு மாதச் சிறைத்தண்டனை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே இறந்துபோனார். 2010-இல் ஃப்ளோரிடா மாநிலம் மன்னிப்பு வழங்கியது. அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை, போதை ஆட்டம்தான். ஆனால் பார்ப்பவன், பார்க்கப்படுபவன் என்று நாலு வருடத்துக்கு முன் நோட்டில் எழுதிய கணக்கை அன்று மேடையில் தீர்க்கப் பார்த்தார் என்பதும் நிஜம். மயாமிக்குப் பிறகு கச்சேரிகள் வரிசையாக ரத்தாகின. எழுத நேரம் கிடைத்தது.

அவருக்கு ஆதரவாக நின்ற கவிஞர்களில் முக்கியமானவர் 1950-களின் கலகக்கார அமெரிக்க எழுத்தாளர் கூட்டமான பீட் தலைமுறையைச் சேர்ந்த மைக்கேல் மெக்ளூர். கவிதைகளை அச்சுக்குக் கொடுக்கும்படி தூண்டியவர் அவர். இன்னொருவர் சுவாரசியமான ஆள். ரைம்போவின் மொத்தக் கவிதைகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்த டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் ஃபௌலிக்கு 1968-இல் ஒரு கடிதம் வந்தது. எனக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது, உங்கள் மொழிபெயர்ப்புக்கு நன்றி, நான் ஒரு ராக் பாடகன், உங்கள் புத்தகம் என்னோடு பயணம் செய்கிறது என்பது சாரம். கையெழுத்திட்டவர் யாரென்று பேராசிரியருக்கு அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டு, 1994-இல் ரைம்போவையும் மாரிசனையும் சேர்த்து ஒரு புத்தகமே எழுதினார். மறுபக்கம், விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் மாரிசனைக் கோமாளி டயோனைசஸ் என்றார்; டயோனைசஸ் கிரேக்கர்களின் மதுக்கடவுள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல்.

1970 டிசம்பர் 8, தன் இருபத்தேழாவது பிறந்த நாளன்று, மாரிசன் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் வாத்தியம் எதுவும் இல்லாமல் கவிதைகளைப் படித்துப் பதிவுசெய்தார். அடுத்த மார்ச்சில் பாரிஸ் போனார், 1971 ஜூலை 3 அன்று அங்கே இறந்தார். 1978-இல் மற்ற மூவரும் அந்தக் குரலுக்குப் புதிதாக இசை கோத்து ‘ஆன் அமெரிக்கன் பிரேயர்’ என்ற தொகுப்பாக வெளியிட்டார்கள். அவர்களின் பழைய தயாரிப்பாளர் பால் ராத்சைல்டு அதைக் கடுமையாகச் சாடினார். எனக்கு அதில் பாதி பிடிக்கும். தாளில் சப்பென்று கிடக்கும் வரிகள்கூட அந்தக் குரலில் எழுந்து உட்காருகின்றன. மரணம் நம்மையெல்லாம் தேவதைகளாக்கி, தோள் இருந்த இடத்தில் ‘அண்டங்காக்கையின் நகம்போல வழவழப்பான’ சிறகுகளைத் தருகிறது என்று ஒரு வரி வரும். சிறகு என்றதும் வெண்மையும் மென்மையும் மனசுக்குள் வந்துவிடும். அதற்குள் காக்கையின் நகத்தால் ஒரு பிறாண்டு. நல்ல நாளில் அவர் அப்படி எழுதுவார்.

ஆரம்பத்தில் நான் சொன்னதைச் சோதித்துப் பார்க்க இந்தத் தொகுப்பிலேயே ஓர் இடம் இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது குடும்பத்தோடு காரில் போகையில், நியூ மெக்சிகோ பாலைவனச் சாலையில் லாரி விபத்தில் அமெரிக்கப் பழங்குடியினர் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்ததாக மாரிசன் அடிக்கடி சொல்வார். அந்த ஆவிகளில் ஒன்றிரண்டு என் ஆன்மாவுக்குள் குதித்துவிட்டன என்பார். அவர் சொன்ன அளவுக்கு அது பெரிய விபத்து இல்லை என்று குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள், போகட்டும். ‘ஆன் அமெரிக்கன் பிரேயர்’ தொகுப்பில் இதை ஒரு கதையாகவே சொல்கிறார்: யார் யார் காரில் இருந்தார்கள், எப்படிப் பயந்தார், ஆவி எப்படிப் புகுந்தது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது 1970-இல் வந்த ‘பீஸ் ஃப்ராக்’ பாட்டை எடுங்கள். கிரீகரின் இசை தயாராக இருக்க, வரி இல்லாமல், மாரிசனின் நோட்டிலிருந்து துண்டுகளை எடுத்துக் கோத்த பாட்டு அது. தெருவெல்லாம் ரத்தம் என்று துள்ளிக்கொண்டு போகிற தாளம் நடுவில் சட்டென்று தணிகிறது. மாரிசன் பாடுவதை நிறுத்திவிட்டு இரண்டே வரி பேசுகிறார். விடியற்காலை நெடுஞ்சாலையில் சிதறி ரத்தம் வடியக் கிடந்தவர்கள். சின்னப் பிள்ளையின் முட்டையோட்டு மனசுக்குள் கூட்டமாக நெருக்கும் ஆவிகள். அவ்வளவுதான். கார் இல்லை, அப்பா இல்லை, தாத்தா பாட்டி இல்லை. ‘முட்டையோடு’ என்ற ஒரு சொல், கதையில் உள்ள பயம் முழுவதையும் வாங்கிக்கொண்டது. கதையில் ஆவி குதிக்கிறது, நான் நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். பாட்டில் ஓடு விரிசல் விடுவது கேட்கிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ‘ஸ்ட்ரேஞ்ச் டேஸ்’ தொகுப்பை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை முழுதாகக் கேளுங்கள், ‘பீப்பிள் ஆர் ஸ்ட்ரேஞ்ச்’, ‘ஹார்ஸ் லாட்டிட்யூட்ஸ்’ இரண்டும் அதில் இருக்கின்றன. பிறகு ‘த லார்ட்ஸ்’, ஒரே உட்காரலில் முடிந்துவிடும். அதற்கப்புறம் ‘பீஸ் ஃப்ராக்’ இருக்கும் ‘மாரிசன் ஹோட்டல்’. 2021-இல் வந்த ‘த கலெக்டட் ஒர்க்ஸ் ஆஃப் ஜிம் மாரிசன்’ தடித்த புத்தகம். நோட்டுப் பக்கங்களின் கையெழுத்துப் படங்கள் இருக்கின்றன, அடித்துத் திருத்திய இடங்களைப் பார்க்க ஆசை இருந்தால் வாங்கலாம். அதையே முதலில் வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தால் நூறாவது பக்கத்தில் அவரை வெறுத்துவிடுவீர்கள்.

‘ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்’ பாட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது வெளிவந்த கடைசித் தொகுப்பின் கடைசிப் பாட்டு, மழைச் சத்தத்தோடு வருவது. இந்த வீட்டில் பிறந்தோம், இந்த உலகத்தில் எறியப்பட்டோம், எலும்பில்லாத நாய் போல, இரவல் போன நடிகன் போல என்று போகும். ஹெட்ஃபோனில் கேளுங்கள். மாரிசன் பாடிய குரலுக்கு அடியில் அதே வரிகளை அவரே கிசுகிசுத்து இன்னொரு முறை பதிவுசெய்திருக்கிறார். ஸ்பீக்கரில் அது வெறும் எதிரொலி மாதிரி போய்விடும். காதுக்குள் வைத்தால்தான் பாடுகிறவனுக்குப் பின்னால் ஒருத்தன் நோட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டிருப்பது தெரியும்.